எங்கள் ஒழுங்கைக்கு ஒரே ஒரு வாக்கு

எங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினர் இறந்துபோனார் என்று பேப்பரில் வாசித்தபோது எனக்குத் துக்கம் வரவில்லை. சந்தோசம் என்று சொன்னால் பாவம். ஆனால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது உண்மை. போன பொதுத்தேர்தலில் எனக்கு வயது போதவில்லை. அடுத்தது வர எத்தனை வருடமோ. நடுவில் ஓர் இடம் வெறுமையாகிவிட்டது, அதை நிரப்ப வேண்டும், நிரப்பப் போகிறவர்களில் நானும் ஒருத்தி. வட்டக்கச்சிக் கூட்டுறவுச் சங்கக்கடை மர வாங்கில் இருந்தபடி அந்தச் செய்தியை இன்னொரு தடவை உரக்க வாசித்தேன். எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிவிட்டு வேலைக்குக் காத்துக்கொண்டிருந்த பெட்டை என்பதால் பேப்பர் வாசிக்கிற உரிமை அங்கே எனக்கு இருந்தது.

எங்கள் ஒழுங்கைக்கு அந்தச் சாவு வேறு விதமாகப் பட்டது. ஒழுங்கையில் பதினான்கு வீடு. பதினான்கு வயலும் வாய்க்காலின் கடைசியில். குளத்திலிருந்து திறக்கிற தண்ணீர் மேலே உள்ள வயல்களையெல்லாம் நனைத்துவிட்டு எங்களிடம் வரும்போது ஒரு கோவணத் துணியளவு அகலத்தில் வரும். மழையில்லாத சிறுபோகத்தில் அதுவும் வராது. வாய்க்காலை ஆழமாக்கி வேறு பக்கத்தால் ஒரு கிளை வெட்டித் தரச் சொல்லி அப்பா மூன்று மனு அனுப்பியிருந்தார். மூன்றையும் எழுதியது நான். கடைசி மனுவுக்கு உறுப்பினர் தன் கையால் பதில் போட்டிருந்தார், நேரில் வந்து பார்ப்பதாக. வருவதற்குள் போய்விட்டார்.

"இந்தச் சிறுபோகத்துக்கும் தண்ணி வராட்டி நான் பெர்மிட்டைத் திருப்பிக் குடுத்திட்டு ஊருக்குப் போறன்" என்று அப்பா சொல்லிவிட்டார். அப்பா ஒரு தடவைதான் எதையும் சொல்வார்.

அதைக் கேட்ட அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். காணியை அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுப்பது என்றால் ஒன்பது வருட உழைப்பைக் கொடுப்பது. ஆனாலும் அம்மாவின் முகத்தில் எங்கோ ஒரு மூலையில் விளக்குப் பற்றியது. அம்மாவுக்கு ஊர் என்றால் ஆனையிறவுக்கு அங்கால் இருப்பது. அரசாங்கம் காடு வெட்டிக் காணி கொடுத்த இந்தக் காலனிக்கு வந்த நாள் முதல் இங்கே அவர் ஓர் அம்மி வாங்கவில்லை. ஊர் வீட்டில் நல்ல அம்மி கிடக்கிறதாம், இங்கே ஒன்று வாங்கினால் இங்கேயே இருந்துவிடப் போகிறோம் என்று ஆகிவிடுமாம். ஒன்பது வருடமாகப் பக்கத்து வீட்டு அம்மியில் இரவல் அரைப்பு. தண்ணீர் வரக்கூடாது என்று எந்தக் கோயிலுக்காவது நேர்ந்து வைத்திருப்பாரோ என்றுகூட நான் சந்தேகப்பட்டதுண்டு.

நான் மட்டும் என்ன, காலனியைக் கொண்டாடிக்கொண்டா இருந்தேன்? ஊர் வீட்டில் அத்தையோடு நின்றுதான் படித்தேன். பட்டணத்து வாசிகசாலை, பஸ்ஸில் வரும் சிநேகிதிகள், புதுப் புத்தகத்தின் மணம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தப் புழுதிக்குள் வந்து, நெல் காயப்போடும் பாயில் கோழி விரட்டிக்கொண்டிருந்தேன். எங்காவது போக வேண்டும் என்ற ஏக்கம் கால் பெருவிரலில் இருந்து துடித்துக்கொண்டிருந்தது. அந்த ஏக்கத்துக்கு முதல் முதலாகக் கிடைத்த வாசல் அந்தத் தேர்தல்.

சங்கக்கடையில் ஒரு கிழமை முழுக்க ஒரே கதை: வெறும் கதிரையை எப்படி நிரப்புவது?

சங்கக்கடை மனேச்சருக்கு எந்த விசயத்திலும் செலவில்லாத வழிதான் பிடிக்கும். "எலெக்சன் எண்டால் எவ்வளவு பேப்பர், எவ்வளவு ஜீப். போன முறை இரண்டாவதா வந்த மனுசன் இருக்கிறார்தானே? அவரைக் கூப்பிட்டு இருத்தினால் முடிஞ்சுது வேலை" என்றார்.

"நல்ல கதை மனேச்சர்" என்றேன் நான். "மாப்பிளை செத்துப்போனால், முந்திப் பொம்பிளை பாக்க வந்து வேண்டாமெண்டு அனுப்பினவனைத் திருப்பிக் கூப்பிடுறதோ?"

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மனேச்சர் விடவில்லை. "அப்ப செத்தவற்றை மகனுக்குக் குடுக்கலாம். பெடியன் படிச்சவன்."

"பாராளுமன்றக் கதிரை என்ன, அப்பன் விட்டுப்போன முதுசக் காணியோ?"

"உந்த வாயோட உன்னை ஆர் கட்டப் போறான்?" என்று மனேச்சர் சீனி நிறுத்தபடி கேட்டார்.

முல்லைத்தீவுப் பக்கமிருந்து சைக்கிளில் கருவாடு கொண்டுவருகிற நானா ஒருவர் அங்கே நிழலுக்கு ஒதுங்கியிருந்தார். அவர் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எங்கட பள்ளியில நிர்வாகத்தில ஒருத்தர் மௌத்தாப் போனால், அடுத்த வெள்ளி தொழுகை முடிய எல்லாரும் அதிலயே இருப்பம். இருந்து கதைச்சு ஒருத்தரை வைப்பம். அண்டைக்கு ஆர் வந்திருக்கினமோ அவைதான் தீர்மானம். வராதவர் பிறகு வந்து கதைக்கேலாது."

"வராதவை கோவிக்க மாட்டினமோ?" என்று கேட்டேன்.

"கோவிப்பினம். ஆனா அடுத்த வெள்ளி வருவினம்."

எனக்கு அது பிடித்துப்போயிற்று. அன்றைக்கு அங்கே இருக்கிறவர்கள் தீர்மானிப்பது. அதைவிட நேர்மையான வழி வேறு என்ன இருக்கிறது? வீட்டுக்குப் போய்ப் பேப்பருக்கு ஒரு கடிதம் எழுதினேன். வெற்றிடங்களை நியமனத்தால் நிரப்பக் கூடாது, மண்ணில் கால் வைத்து நிற்பவர்களின் வாக்கால் நிரப்ப வேண்டும் என்று நாலு பக்கம். பேப்பர்காரர் அதைப் போடவில்லை. அதனால் என்ன, அரசாங்கம் இடைத்தேர்தலை அறிவித்துவிட்டது. என் கடிதத்தைப் படித்துத்தான் அறிவித்தது போல நான் ஒழுங்கையில் நடந்தேன்.

இரண்டு பேர் போட்டி. ஒருவர் பட்டணத்துக் கோட்டில் வழக்குப் பேசுகிற அப்புக்காத்து. மற்றவர் இங்கேயே பெரிய கமம் செய்கிறவர். யார் எங்கள் வாய்க்காலை வந்து பார்க்கிறாரோ அவருக்கே பதினான்கு வீட்டு வாக்கும் என்று ஒழுங்கை தீர்மானித்தது. வளர்ந்தவர்கள் முப்பத்தேழு பேர், நான் எண்ணி வைத்திருந்தேன். முப்பத்தேழு வாக்கு சும்மாவா?

அப்புக்காத்தரின் ஜீப் வருகிறது என்று தெரிந்த நாள் ஒழுங்கையைக் கூட்டித் தண்ணீர் தெளித்தோம். அம்மாகூட நிறைகுடம் வைத்தார். மரியாதை வேறு, ஊர் நினைப்பு வேறு. ஒலிபெருக்கிச் சத்தம் தூரத்தில் கேட்டு, கிட்ட வந்து, ஒழுங்கை வாசலில் ஜீப் நின்றது. முன் சீற்றில் இருந்த அவருடைய தேர்தல் ஏஜென்ட் மடியில் ஒரு தடித்த தாள்கட்டை விரித்து விரலை ஓட்டினார். இடாப்பு. வாக்காளர் எல்லாருடைய பெயரும் அதில்தான். விரல் கீழே இறங்கியது, ஒரு இடத்தில் நின்றது, அவ்வளவுதான். டிரைவரின் தோளில் தட்டி ஏதோ சொன்னார். ஜீப் பின்னுக்குப் போகத் தொடங்கியது.

அப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். அப்பா ஓடியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "என்ன தம்பி, உள்ளுக்கு வராமல் போறியள்?"

"குறை நினைக்காதேங்கோ ஐயா. இந்த ஒழுங்கையில ஒரேயொரு பேர்தான் கிடக்கு. நாங்கள் இண்டைக்கு இன்னும் ஆறு இடம் போகோணும்."

"ஒண்டோ? இங்க முப்பத்தேழு பேர் நிக்கிறம்!"

"நிக்கிறியள் ஐயா. இடாப்பில இல்லை."

ஜீப் போய்விட்டது. புழுதி அடங்க நேரம் எடுத்தது. நிறைகுடத்து மாவிலையெல்லாம் மண். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஏனென்றால் அந்தப் படிவங்களை நிரப்பியது நான்.

முந்தின வருடம் வாக்காளர் பெயர் எடுக்கிற காலத்தில் காலனிக்குப் பொறுப்பான விதானையார் ஒரு கட்டுப் படிவத்தை என் கையில் தந்து, "நீ படிச்சனி, உங்கட ஒழுங்கைக்கு நீயே நிரப்பிக் குடு" என்று சொல்லிப் போனார். நான் பேனாவும் கையுமாக வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் ஒரே பயம். இங்கே பெயர் பதிந்தால் ஊரில் பெயர் வெட்டுப்படும். ஊரில் பெயர் வெட்டுப்பட்டால் அந்த வீடு, வளவு, கோயில் திருவிழாப் பங்கு எல்லாம் கைவிட்டுப் போய்விடும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். படித்தவள்தானே. "ஊரில அண்ணன் எங்கட பேரைப் போடுவார் பிள்ளை, இங்க போடாதே" என்றார்கள். அம்மா குசினிக்குள் இருந்தபடியே, "இது என்ன கேள்வி? நாங்கள் அங்கத்தை ஆக்கள்" என்றார்.

நான் மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கும் அது இனித்தது. 'இவ்வீட்டில் பதியத்தக்கவர் எவருமில்லை' என்று பதின்மூன்று படிவத்தில் என் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினேன். எழுதும்போது பாதி தூரம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்ட மாதிரி இருந்தது. பெயர் எங்கே கிடந்தாலும் நிற்கிற இடத்தில் வாக்குப் போடலாம் என்றுதான் ஒழுங்கையில் எல்லாரையும் போல நானும் நினைத்திருந்தேன்.

பதினான்காவது, ஒழுங்கையின் கடைசி வீடு. அதில் தனியாக இருந்தவர் ஊரில் எங்களைப் போன்றவர்களின் தோட்டங்களில் கூலிக்கு நின்றவர். ஊரில் என்றால் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பேன். காலனியில் அண்ணை என்றேன். அம்மாவுக்கு அதுவே பிடிக்காது. அவருக்கு எங்கள் வீட்டு வேலிப் படலையோடு சரி, உள்ளே வர விடுவதில்லை. தேத்தண்ணீர் கொடுத்தாலும் தகரக் குவளையில்தான்.

"அண்ணை, உங்களை எங்க போட?"

அவர் மண்வெட்டிப் பிடியைச் சீவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "எனக்கு அங்க என்ன கிடக்கு பிள்ளை? இங்கயே போடு."

இடாப்பில் இருந்த அந்த ஒரு பெயர் அவருடையது.

அதன் பிறகு எனக்கு ஒழுங்கையில் தலை காட்ட முடியவில்லை. "கவுண்மேந்துக்கே கடிதம் எழுதிற பிள்ளை" என்று ஒருத்தி சொல்வாள். "எவருமில்லையாம், நாங்கள் என்ன பேயோ?" என்று மற்றவள். அப்பா சாப்பிட்டுவிட்டு வயல் வரம்பில் போய் நிற்பார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பட்டணத்தில் தேர்தல் அலுவலெல்லாம் பார்க்கிற அரசாங்கக் கச்சேரிக்குப் போய்ச் சண்டை பிடிக்கிறேன் என்று கிளம்பினேன். பெட்டையைத் தனியே விட ஏலாது என்று அம்மாவும் வெளிக்கிட்டார். அம்மா பெட்டியிலிருந்து நல்ல சேலை எடுத்துக் கட்டியபோதே எனக்குத் தெரியும், அவர் போவது கச்சேரிக்கு அல்ல. ஆனையிறவில் உப்பளத்து வெளிச்சம் கண்ணில் அடித்ததும் பஸ்ஸில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "காத்தைப் பார், காத்தே வேறை" என்றார்.

கச்சேரியில் ஓர் எழுதுவினைஞர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டார். அண்ணையைத் தவிர்த்து முப்பத்தாறு பெயரும் எழுதிய தாளை நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்துத் திருப்பித் தந்தார்.

"பிள்ளை, இடைத்தேர்தல் கடைசியா அத்தாட்சிப்படுத்தின இடாப்பிலதான் நடக்கும். இப்ப ஒரு பேரும் சேர்க்கேலாது, ஒரு பேரும் வெட்டேலாது. உங்கட பேர் எல்லாம் ஊர் இடாப்பில கிடக்கும், அங்க ஒரு குறையுமில்லை."

"அங்க இடைத்தேர்தல் இல்லையே ஐயா. இங்கதானே கதிரை வெறுமையாக் கிடக்கு. இண்டைக்கு ஆர் இங்க இருக்கினமோ அவைதானே நிரப்போணும்? புது இடாப்பு எடுத்துப்போட்டுத் தேர்தல் வைச்சால் என்ன?"

"வைக்கலாம். வீடு வீடாப் போய் எழுதி, ஆட்சேபணை கேட்டு, அச்சடிச்சு வர ஒரு வருசம். அது வரைக்கும் உங்கட தொகுதிக்கு ஆள் இல்லை. உமக்கு வாய்க்கால் எப்ப வேணும்?"

"இந்தச் சிறுபோகத்துக்கு."

"பாத்தீரோ" என்றார் அவர், கொஞ்சம் இரக்கத்தோடுதான். "கெதியாயும் வேணும், சரியாயும் வேணும் எண்டால் நானும் என்ன செய்யிறது?"

தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தேன். சங்கக்கடையில் யாருக்கும் வாயில் பதில் வைத்திருந்தவள் நான். இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன், அந்தக் கேள்விக்கு நல்ல பதில் இன்னும் கிடைக்கவில்லை.

"ஊருக்குப் போட்டுப் போவம்" என்றார் அம்மா, வெளியே வந்ததும். அதைச் சொல்லும்போது அவர் குரல் ஒரு சிறுமியின் குரலாக இருந்தது.

ஊர் வீட்டு வாசலில் அத்தை எங்களைக் கண்டு, "எட, மச்சாள்! வாங்கோ வாங்கோ" என்று கையைப் பிடித்தார். அன்பு குறையவில்லை. ஆனால் எங்களை விறாந்தைக் கதிரையில் இருத்தினார். அம்மா நேரே குசினிக்குப் போகத்தான் எழும்பினார். "நீங்கள் இருங்கோ, களைச்சு வந்தனீங்கள்" என்று அத்தை மறித்துவிட்டார். தேத்தண்ணீர், அலுமாரிக்குள் வைக்கிற பூப்போட்ட கோப்பையில் வந்தது. வெளி ஆட்கள் வந்தால் எடுக்கிற கோப்பை. அந்தக் கோப்பைகளை வாங்கியது அம்மா. அம்மா அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அத்தை வஞ்சகமில்லாமல்தான் கேட்டார்: "எத்தினை மணி பஸ்ஸில திரும்பப் போறியள் மச்சாள்?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், மூன்றரை என்று.

குசினிப் பக்கம் அம்மாவின் அம்மி கிடந்தது. நடுவில் நன்றாகத் தேய்ந்து குழி விழுந்திருந்தது. அம்மா பார்ப்பதைக் கண்டு அத்தை, "வேணுமெண்டால் கொண்டு போங்கோ. நானும் புதிசு ஒண்டு வாங்கத்தான் இருக்கிறன்" என்றார்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. தபால் கந்தோரில் ஊர் இடாப்பைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். நான் அம்மாவைக் கூட்டிப் போனேன். எங்கள் ஊர் ஒழுங்கையின் பக்கத்தை விரித்து, பெயர்களை ஒவ்வொன்றாக அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பா. அம்மா. நான். அடுத்து இப்போது காலனியில் எங்களுக்கு எதிர்வீட்டுக்காரர், அங்கே எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். அடுத்து அவர் தம்பி. அடுத்து, காலனிக்கு வந்த மூன்றாம் வருடம் பாம்பு கடித்துச் செத்துப்போன மனுசியின் பெயர். எல்லாரும் பழைய வரிசையில், பழைய வளவுகளில், ஒருத்தரும் எங்கும் போகாதது போல இருந்தார்கள். அந்தப் பக்கத்துக்குள் போய் இருந்துவிட முடிந்தால் என்று நினைத்தேன். வெளியே பார்த்தால் ஒழுங்கையில் வேறு யாரோ பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எங்களை யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை.

"காணும், மூடு" என்றார் அம்மா.

திரும்பி வீட்டுக்குப் போய், அத்தையிடம் ஒரு சாக்குக் கேட்டார். அத்தையின் மகன் அம்மியையும் குழவியையும் சைக்கிள் கரியரில் கட்டிப் பஸ் நிற்பாட்டும் இடம் வரை தள்ளிக்கொண்டு வந்தான். மூன்று பேர் சேர்ந்து பஸ்ஸில் ஏற்றினோம்.

"என்ன ஆச்சி இது, ஆனைக்குட்டியோ?" என்று கேட்டான் கொண்டக்டர். "இதுக்கும் ரிக்கற் எடுக்கோணும்."

"எடு" என்றார் அம்மா. "அதுக்கும் சீற் குடு." பஸ் சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. ஆனையிறவு தாண்டும்போது அவர் வெளியே பார்க்கவில்லை. கால் இரண்டையும் சாக்கின் மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். நித்திரை இல்லை என்று எனக்குத் தெரியும். நான் அவர் கையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. இப்போது ஆசிரியப் பயிற்சிக்காக வந்து இந்த விடுதியில் கிடக்கும்போது, அந்தக் கை பஸ் குலுக்கத்தில் ஆடியது கண்ணுக்குள் வந்து போகிறது.

வாக்களிப்பு நாளன்று காலை, பதின்மூன்று வீட்டாரும் கடைசி வீட்டு அண்ணையின் படலையில் நின்றார்கள். அதற்கு முன் அந்தப் படலையில் என்னைத் தவிர ஒருவரும் நின்றதில்லை. வாய்க்காலைப் பார்க்க இரண்டு வேட்பாளரும் வரவில்லை. ஒருத்தர் அப்புக்காத்துக்குப் போடு என்றார்: படித்த மனுசன், சட்டம் கதைப்பார். இன்னொருத்தர் கமக்காரருக்கு: தண்ணீரின் அருமை தெரிந்தவர். "முப்பத்தேழு பேற்றை வோட்டையும் நீ ஒருத்தன் போடுறாய், கவனமாப் போடு" என்றார் ஒரு கிழவர். அண்ணை வெள்ளை வேட்டி கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார். எல்லாருக்கும் தலையாட்டினார்.

அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்தார். தகரக் குவளையில் அல்ல, நாங்களே குடிக்கிற எங்கள் வீட்டுப் பித்தளை மூக்குப்பேணியில். அண்ணை அதை உடனே வாங்கவில்லை. பேணியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"வோட்டுப் போட்ட பிறகும் இதிலதானோ அம்மா?"

அம்மாவின் முகம் சிவந்துபோயிற்று. "ஆறப் போகுது, குடி" என்றார் முதலில். பிறகு, மெல்ல, "குடியுங்கோ" என்றார்.

அவர் குடித்தார். பிறகு பள்ளிக்கூடத்துக்கு நடந்தார், நான் பின்னால் போனேன். எல்லைக் கோடு போட்ட இடத்தோடு பொலிஸ்காரர் என்னை நிற்பாட்டிவிட்டார். நான் மூன்று வருடம் நெல்லுக் காவல் பார்த்த பள்ளிக்கூட முற்றம் அது. என் வயதுப் பெட்டைகள் இரண்டு பேர், அடுத்த வாய்க்கால்காரிகள், தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கதைத்துச் சிரித்தபடி உள்ளே போனார்கள். அவர்களுக்கு அது ஒரு கலியாண வீட்டுக்குப் போய் வருவது மாதிரி. நான் வெயிலில் நின்றேன். பசித்தவள் கடை வாசலில் நிற்பது போல நின்றேன் என்று சொன்னால் மிகையில்லை.

அண்ணை வெளியே வந்ததும் ஓடிப்போய்க் கேட்டேன்: "போட்டீங்களோ?"

"போட்டன்."

"ஆருக்கு?"

"அது எனக்கும் அந்தப் பெட்டிக்கும்தான் தெரியும் பிள்ளை."

"சரி, சொல்ல வேண்டாம். உள்ளுக்கு எப்பிடி இருந்தது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் எதற்காகக் கேட்கிறேன் என்று விளங்கியிருக்க வேண்டும். நடையை மெதுவாக்கினார். "மட்டையால மறைச்சுக் கிடக்கு. நூலில கட்டின பென்சில் ஒண்டு. முனை மழுங்கல்."

"என்ன நிறம்?"

"பென்சிலோ? கறுப்புத்தான். புள்ளடி போடேக்க கை நடுங்கிச்சுது. கோடு கொஞ்சம் வளைஞ்சு போச்சு. செல்லுமோ?"

"கட்டத்துக்குள்ள இருந்தால் செல்லும் அண்ணை."

"கட்டத்துக்குள்ளதான்" என்றார். அதைச் சொன்ன விதத்தில் ஒரு கம்பீரம் இருந்தது. வீடு வரும் வரைக்கும் நான் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். தாள் எவ்வளவு நீளம், எத்தனை தரம் மடித்தது, பெட்டிக்குள் விழும்போது சத்தம் கேட்டதா. அவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

அப்புக்காத்து வென்றார். தண்ணீர் அந்தச் சிறுபோகத்தில் பாதி வயலுக்கு வந்தது, அப்பா பெர்மிட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதெல்லாம் பிறகு நடந்த கதை. எனக்கு மறக்காமல் இருப்பது, புது உறுப்பினர் நன்றி சொல்ல வந்த நாள்தான்.

மாலையோடு ஜீப் பெரிய வாய்க்கால் றோட்டால் வந்தது. எங்கள் ஒழுங்கை வாசலைத் தாண்டிப் போகப் பார்த்தது. அண்ணை றோட்டு நடுவில் போய் நின்றார். டிரைவர் ஹோர்ன் அடித்தான். அவர் அசையவில்லை.

"நான் வோட்டுப் போட்டவன்" என்றார் சத்தமாக. "இறங்கி வாங்கோ. ஒரு இடம் காட்டோணும்."

உறுப்பினர் சிரித்துக்கொண்டு இறங்கினார். பின்னால் அந்த ஏஜென்டும் இறங்கினார். அண்ணை முன்னுக்கு, அவர்கள் பின்னுக்கு, எங்கள் வேலிகளையெல்லாம் தாண்டி வயலுக்குப் போனார்கள். ஒழுங்கை முழுவதும் பின்னால் போயிற்று. வாய்க்காலின் கடைசியில் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. அப்பா எங்கே வெட்ட வேண்டும், எந்தப் பக்கம் பள்ளம் என்று காட்டினார். எனக்கு மனுவின் ஒவ்வொரு வரியும் பாடம். எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஆனால் நான் யார் என்று கேட்டால் என்ன சொல்வது? அண்ணை சொன்ன அந்த மூன்று சொல்லையும் சொல்ல எனக்கு உரிமையில்லை. அதை எவ்வளவு ஆசையாகச் சொல்லியிருப்பேன்.

உறுப்பினர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "எத்தினை குடும்பம்?"

"பதினாலு" என்றார் அப்பா.

"எல்லாரும் எனக்குத்தானே போட்டனீங்கள்?" விளையாட்டாகத்தான் கேட்டார். வென்ற மனுசன் கேட்கிற கேள்விதான். அப்பா நிலத்தைப் பார்த்தார். அப்பாவுக்குப் பொய் வராது. பக்கத்தில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஏஜென்ட் வாயைத் திறந்தார்.

"ஓம் தம்பி" என்றார் அம்மா. முன்னுக்கு வந்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார். "எல்லாரும் போட்டனாங்கள். நாங்கள் இந்த ஊர் ஆக்கள்."

ஏஜென்ட் அம்மாவைப் பார்த்தார். அம்மா கண்ணை எடுக்கவில்லை. அண்ணை ஒரு மண்கட்டியைக் காலால் உருட்டிக்கொண்டு நின்றார். ஏஜென்ட் வாயை மூடிக்கொண்டார். உறுப்பினர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, வாய்க்காலுக்குள் இறங்கினார்.